பச்சைப் பட்டன்

என் மாமியார் முப்பத்தோரு வருடம் துணி தைத்தார். முன்னறையில் ஒரு மெஷின், ஜன்னலோரம் ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. "தோள் பிடிக்குதுக்கா" என்று யாராவது சட்டையோடு திரும்பி வந்தால் வாதாடவே மாட்டார். "போட்டுக் காட்டுங்க" என்பார். கையைத் தூக்கச் சொல்வார், குனியச் சொல்வார், அங்கேயே உட்கார்ந்து தையலைப் பிரிப்பார். உடம்பு போட்டுவிட்டுச் சட்டையைக் குறை சொல்கிறவர்களுக்கும் இதே மரியாதைதான். பார்க்கிற எனக்கு எரிச்சலாக வரும்.

நான் வேறு ரகம். சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. போனோ ஃபிரிட்ஜோ, சொந்தத்தில் யார் வாங்கினாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். நானும் வாய் கிழியப் பேசுவேன். பொருளில் தப்பு இருக்காது, வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியாது என்பது என் கட்சி.

கண் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடும் ஆப்பை எங்கள் கம்பெனிதான் செய்தது. அதைச் சோதித்துப் பார்ப்பதும், வருகிற புகார்களுக்குப் பதில் போடுவதும் என் வேலை. புகாரில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். காலை டீ வருவதற்குள் இருபது புகாரை முடித்துவிடுவேன். பாதிக்கு மேல் ஒரே பதில்: "பயனர் தவறு. ஆப்பைச் சரியாகப் பயன்படுத்தவும்." தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு அதை ஒரே க்ளிக்கில் போகும்படி வைத்திருந்தேன்.

மாமியாருக்குச் சர்க்கரையால் கண் கெட்டிருந்தது. மாதம் ஒரு ஊசி. ஆப் வந்த பிறகு, அதில் டோக்கன் போட்டவர்களுக்கு மட்டும்தான் ஊசி. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்: "மாப்ள, டோக்கன் போடுற இடமே எனக்குக் கிடைக்கலயே?"

"ஆப்பு தப்பு பண்ணாது அத்தை, விரல்தான் தப்பு பண்ணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு கேட்கவே இல்லை. ஊசியைப் பற்றி மனைவி விசாரித்தால், "கூட்டமா இருக்கு, அடுத்த வாரம் போறேன்" என்று சமாளித்தார்.

மூன்று மாதம் கழித்து, வாசற்படி தெரியாமல் தடுக்கி விழுந்தார். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் இடது கண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "முன்னாடியே வந்திருக்கணும். இதுல இனிமே பார்வை வராது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த டோக்கனுக்காக மாமியாரின் போனை வாங்கினேன். திரையில் எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. கண் தெரியாதவர் வேறு எப்படி வைத்துக்கொள்வார்? தேதி, நேரம், ஆஸ்பத்திரியின் பெயர், எல்லாம் பெருத்துக்கொண்டே போய், 'உறுதி செய்' என்ற பச்சைப் பட்டனைத் திரைக்கு வெளியே தள்ளியிருந்தன. திரையை நகர்த்தினாலும் நகரவில்லை. கண் ஆஸ்பத்திரி ஆப்பை நான் ஒருமுறைகூடப் பெரிய எழுத்தில் போட்டுப் பார்க்கவில்லை.

"ரெண்டு தடவை நேர்லயே வந்தேன் மாப்ள. டோக்கன் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. புகார்கூடப் போட்டேன், பாருங்க."

பார்த்தேன். 'கீழ பச்சை பட்டன் இல்ல சார்' என்று போனிடம் பேசியே எழுத வைத்திருந்தார். அடியில் என் பதில்.

"என்கிட்ட ஏன் அத்தை சொல்லல?"

"நீங்க செஞ்சதாச்சே. வேலை செய்யலன்னு நாலு பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? உங்களுக்குத்தானே சங்கடம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தப் பதிலப் போட்டவங்கள ஒண்ணும் சொல்லிடாதீங்க. பாவம், வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும்."

அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமலே போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் பிழையைச் சரிசெய்ய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது மாமியார் தானே டோக்கன் போடுகிறார், வலது கண்ணுக்கு. வீட்டுக்கு யார் வந்தாலும் போனை எடுத்துக் காட்டுகிறார். "பச்சைப் பட்டன் தெரியுதா? எங்க மாப்பிள்ளைதான் ஆபீஸ்ல சண்டை போட்டு வர வச்சாரு."

நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.