பின்படிக்கட்டு இருந்த இடத்தில் ஐந்து அறைகள்

அந்த யோசனையைச் சொன்னது நான்தான். இதை ஒத்துக்கொள்ளாமல் முதலாளியைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஐந்து மாடி லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதே லாட்ஜில் என் அப்பா, நைனாவுக்குத் துணி மூட்டை தூக்குகிற வேலை. சித்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். இறங்கியதும் நான் முன்வாசல், அவர் பின்வாசல். லிஃப்டில் வேலையாட்கள் ஏறக்கூடாது. ஈர பெட்ஷீட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்படிக்கட்டு வழியாக மொட்டைமாடிக்கு ஏறுவார்.

ஊரில் பெரிய விளையாட்டுப் போட்டி நடக்கப்போகிறது என்றதும் தெருவுக்குத் தெரு லாட்ஜுகள் மேலே எழும்ப ஆரம்பித்தன. ஐம்பது அறை இருந்தால்தான் போட்டிக்கு வருகிறவர்களைத் தங்கவைக்கும் லாட்ஜுகளின் பட்டியலில் சேர்ப்பார்களாம். எங்களிடம் நாற்பத்தைந்து. என்ன செய்யலாம் என்று முதலாளி கேட்டார். படித்தவன் என்று காட்டிக்கொள்ளும் அவசரத்தில் சொன்னேன்: "பின்படிக்கட்டை யாரும் பயன்படுத்துறதில்ல சார். மாடிக்கு ஒரு ரூம் எடுக்கலாம்."

யாரும் இல்லையாம். என் பரீட்சைப் பணம் முழுக்க அந்தப் படியில் ஏறி இறங்கி வந்தது.

படியை உடைத்துத் தளம் போட்டார்கள். ஜன்னலே இல்லாத ஐந்து அறைகள்; வெறும் சுவரில் திரை மாட்டி ஜன்னல் மாதிரி ஏமாற்றினார்கள். நைனா முன்படிக்கட்டுக்கு வந்தார். கீழே கெஸ்ட் நின்றால் மூட்டையோடு முதல் மாடியிலேயே நிற்க வேண்டும், வாட்ச்மேன் கை காட்டுகிற வரைக்கும். கவுன்டரிலிருந்து நான் பார்ப்பேன். அவர் என்னைப் பார்க்க மாட்டார்.

ஒரு நாள் காலை இரண்டாம் மாடி மின்பெட்டி கருகி, முன்படிக்கட்டு முழுக்கப் புகை. கெஸ்ட் எல்லாரும் இருமிக்கொண்டே இறங்கிவிட்டார்கள். நைனா மொட்டைமாடியில் மாட்டிக்கொண்டார். புகை அடங்கக் கால்மணி நேரம். நான் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி உள்ளே சுவர் கறுத்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் போட்டிக் குழுவிடமிருந்து படிவம் வந்தது. தீப்பிடித்தால் இறங்க இரண்டாவது படிக்கட்டு உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்று போடச் சொன்னார் முதலாளி. நான் இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பட்டியலில் எங்கள் லாட்ஜ் வரவில்லை. முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டார். என்னைப் போகச் சொல்லிவிட்டு, நைனா பக்கம் திரும்பித் தெலுங்கில் சொன்னார்: "நீ இருந்துக்கோ. படிக்காதவனால எனக்கு எந்தத் தொல்லையும் வந்ததில்ல."

நைனா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

பஸ் சந்திரகிரி தாண்டியதும் நைனா என் பக்கம் திரும்பினார். அப்புறம் சொன்னார்: "இந்த 'இல்லை'ய மொதலாளி கேட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இன்னும் அந்தப் படியில போய்க்கினு இருப்பேன்டா."

போட்டிக்காரர்கள் வராவிட்டால் என்ன, அந்த அறைகளில் இப்போது மலைக்குப் போகிற குடும்பங்கள் அறைக்கு எட்டுப் பேராகப் படுக்கின்றன. அவர்களுக்காகப் படிவம் அனுப்ப யாரும் இல்லை. படியை மறுபடி கட்டவைக்கச் சொல்லி தீயணைப்பு ஆபீசில் இரண்டு மனு கொடுத்துவிட்டேன். மூன்றாவதை எழுதிக்கினு இருக்கிறேன்.

நைனா இன்றைக்கும் வேலைக்குப் போயிருக்கிறார். மாடியிலிருந்து இறங்கியதும் மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மணி மூன்று. இன்னும் வரவில்லை. மறந்திருப்பார். அந்த மறதிமேலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.