அக்காவுக்கு என்ன குறை?

ஷிரே ஆறு பொங்கியபோது மகிரீட்டாவின் அடுப்பங்கரை கொதிக்கும் பானையோடு மிதந்து போனது. களி வெந்துவிட்டதா என்று அடுத்த ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம். பிறகு ஒரு மாதம், அவளும் ஐந்து பிள்ளைகளும் பக்கத்து வீட்டு விதவை எனெலேசியின் பானையில்தான் களி கிண்டித் தின்றார்கள்.

நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர், "இந்த எனெலேசிக்குச் சாப்பாடு போட ஆள் இருக்கா?" என்று மகிரீட்டாவைக் கேட்டார்.

அண்டை வீட்டில் பட்டினி என்றால் ஊர் காறித் துப்பாதா? "நாங்க என்ன செத்தா போயிட்டோம்? நான் இருக்கிறப்ப அக்காவுக்கு என்ன குறை?" என்றாள் நெஞ்சை நிமிர்த்தி.

அவர் எனெலேசியின் பெயரை அடித்துவிட்டார்.

மாவு மூட்டை மகிரீட்டாவுக்கு மட்டும் வந்தது. பிள்ளைகளுக்கே காணாதே என்று மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு, தகர டப்பாவில் கிண்டித் தின்றார்கள். எங்கள் பக்கத்தில் அது திருட்டுக்குச் சமம்.

நான்காம் நாள் எனெலேசி பானையோடு வந்து கதவைத் தட்டினாள். "அடியே, அந்த ஐயாகிட்ட நீ சொன்னது நெசமா, பொய்யா? பொய்யின்னா சொல்லிடு. ஓடிப்போய் என் பேரை எழுதச் சொல்றேன்."

மகிரீட்டாவால் தலை நிமிர முடியவில்லை. மூட்டையை வாசலுக்கு இழுத்து வந்து, தெருவே பார்க்க அடுப்பை மூட்டினாள்.

"பானையை வை அக்கா" என்றாள், தரையைப் பார்த்தபடி.