மரத்திரைக்கு அந்தப் பக்கம்

பாடகர் குழு எழுந்து நின்றதும் தங்கராசா அண்ணை தான் இருக்கும் வாங்குப் பலகையின் ஓரத்துக்கு நகர்ந்து, தலையை இடப்பக்கம் சாய்ப்பார். அந்தக் கோணத்தில்தான் மரத்திரையின் ஒரு துவாரத்துக்குள்ளே மனைவி சியாமளாவின் நெற்றியும் கண்களும் தெரியும்.

ஜெர்மனியின் பான் நகரில் ஆங்கிலேயர் கட்டிய சின்னத் தேவாலயம் அது. சனங்களையும் பாடகர்களையும் பிரிக்கும் அந்த ஓக் மரத்திரையை இங்கிலாந்தில் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். திராட்சைக்கொடி, இலைக்குள் ஒளிந்த நத்தை, பழம் கொத்தும் குருவி. அண்ணை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சைவர். "அவவைக் கொண்டுவந்து விடத்தான் வந்தனான், தம்பி. பிறகு அந்த ஓட்டைக்காக இருந்திட்டன்" என்பார். சட்டைப்பையில் எப்போதும் இஞ்சி மிட்டாய் இருக்கும், சியாமளா அக்காவின் தொண்டைக்காக.

சென்ற ஆண்டு அந்தத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. குரல் போய் வெறும் காற்று மிஞ்சியது. சியாமளா அக்கா இப்போது அவர் பக்கத்திலேயே உட்காருகிறார். ஆனாலும் பாட்டு தொடங்கினால் அண்ணையின் தலை தானாகச் சாய்ந்துவிடும்.

இந்த வசந்தத்தில் சபை கூடியது. திரையைக் கழற்றிப் பக்கச் சுவரில் பொருத்தலாமா என்பது பேச்சு. நானும் போயிருந்தேன். கூட்டங்களில் வாயே திறக்காத அண்ணை எழுந்து, கழற்றவே கூடாது என்று ஜெர்மனில் உரக்கச் சொன்னார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"எங்கடை பக்கம் லைட், உங்கடை பக்கம் இருட்டு. இவ்வளவு வருஷமும் மரத்தைப் பாத்துத்தான் பாடினனான். நீங்கள் கேக்கிறியளோ, நித்திரையோ எண்டும் தெரியாது" என்றார், காற்றுக் குரலில்.

"நீர் ஒருக்காலும் சொல்லேல்லையே?"

"நீங்கள் கேக்கேல்லையே."

வாக்கெடுப்பு வந்தபோது, கழற்றலாம் என்றவர்களோடு அண்ணையும் கை தூக்கினார்.

திரை போன பிறகு ஒரு சனிக்கிழமை மூவரும் உள்ளே போனோம். "பல்லுக் கழட்டின வாய் மாதிரிக் கிடக்குது" என்று முனகினார் அண்ணை. நத்தையும் குருவியும் பக்கச் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா படியேறிப் போய், தான் வழக்கமாக நின்ற இடத்தில் நின்றார். கணவரை நேராகப் பார்த்து வாய் திறந்தார். உதடுகள் அசைந்தன, மார்பு ஏறி இறங்கியது.

என்ன பாட்டு அது என்று நான் மெல்லக் கேட்டேன்.

அண்ணை என் பக்கம் திரும்பாமலே, உதட்டில் விரலை வைத்தார்.