நனையாத கை

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவுக்கு ராஜதுரை அண்ணன்தான் மூத்தவர். பத்துச் சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு, "பிரவீனு, கொஞ்சம் பாத்துக்கடா" என்று பின்பக்கம் கழிப்பறைக்கு நழுவுவார். நாளைக்கு ஐந்தாறு தடவை.

"இன்னா ராஜதுரை, உள்ள பட்டா வாங்கிட்டியா?" என்பார் கல்லாவில் இருக்கும் கண்ணாயிரம். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பார்.

காலையில் அவர் சாப்பிட மாட்டார். பேருந்து என்றாலே முகம் மாறும். எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் கழிப்பறை திறந்திருக்கும், எதில் தண்ணீர் வராது என்பது அவருக்கு மனப்பாடம். மருத்துவரிடம் நான்தான் துணைக்குப் போனேன். ரத்தம், ஸ்கேன், குழாய் விட்டுப் பார்த்தது, எல்லாவற்றிலும் ஒன்றுமில்லை என்றே வந்தது.

"புண்ணு இல்ல, கட்டி இல்ல. ஆனா நெஜமான நோவுதான்" என்றார் மருத்துவர். "குடல் சட்டுனு மொரண்டு புடிக்கும். பதட்டப்பட்டா ஜாஸ்தியாவும். பத்துப் பேருல ஒருத்தருக்கு இருக்கலாம், வெளிய சொல்றதில்ல."

வெளியே வந்து அண்ணன் கேட்டார்: "நம்ம கடையில இருவது பேரு. என்னோட இன்னொருத்தன் எவண்டா?"

தை மாதம், சங்கராபுரத்தில் இருக்கும் அண்ணனின் தங்கை சாலம்மாளின் மகள் சுபலட்சுமிக்குக் கல்யாணத்துக்கு ஓர் இடம் வந்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், மாதன் என்பவரின் மகன். அண்ணன் குடும்பத்துக்கும் பூர்வீகம் மலைதான். பையனைப் பிடித்திருப்பதாக சுபலட்சுமி மாமனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவளுக்கு அப்பா இல்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள், இடம் பிடித்திருந்தால்தான் அங்கே கை நனைப்பார்கள். தாய்மாமன் முதலில் இலையில் கை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இடம் வேண்டாம் என்று பொருள்.

தங்கையையும் உறவுக்காரர்களையும் ஜீப்பில் அனுப்பிவிட்டு, அண்ணன் என் வண்டியில் ஏறினார். "வண்டின்னா எங்கனா நிறுத்திக்கலாம் பாரு." முதல் நாள் மாலையிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடவில்லை. அப்படியும் மலைப்பாதையில் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார். "அங்க எதுவும் வாய தொறந்துடாதடா. குடும்பத்துல நோவுன்னு பேரு வந்தா பொண்ணுக்குத்தான் கேடு" என்றார்.

மாதன் வீட்டில் நாட்டுக்கோழி அடித்திருந்தார்கள். சாமைச் சோற்றின் மேல் குழம்பு சிவப்பாக இறங்கியது. எல்லோரும் அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை இலைக்குப் போனது. பாதியில் நின்றது. நெற்றியில் வியர்வை பொடித்ததை நான் பார்த்தேன். கையை இழுத்துக்கொண்டு எழுந்து, கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

"தண்ணி குடிக்கப் போனாரா?" என்று யாரோ கேட்டார்கள். பதில் என்னிடம் இருந்தது. 'அவருக்கு வயிறு சரியில்லீங்க' என்று சொல்லியிருக்கலாம். நான் என் இலையின் நரம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால்மணி நேரம் கழித்து அவர் திரும்பியபோது இலைகளை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"தாய்மாமனுக்கு மனசு இல்லாத எடத்துல நாங்க எதுக்குங்க கட்டாயப்படுத்தணும்?" என்றார் மாதன்.

ஜீப்புக்கு அருகில் சாலம்மாள் அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டாள். "ஏண்ணே இப்பிடிப் பண்ண?"

"எனக்குப் புடிக்கல, வுடு" என்றார் அண்ணன்.

வெட்கத்தை மறைக்க அந்த நேரத்தில் வாயில் வந்த பொய் அது. அதற்கப்புறம் தங்கை அவரோடு பேசவில்லை. சுபலட்சுமி மாமனுக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டாள். கடையில் முகூர்த்தச் சேலை கேட்டு யாராவது வந்தால் அண்ணன் என்னைக் காட்டிவிட்டு நகர்ந்துகொண்டார்.

சித்திரையில் ஒருநாள், "மலைக்குப் போலாம்டா" என்றார். இந்தத் தடவை மூன்று இடத்தில் நிறுத்தினோம். மாதன் வாசலில் தனியாக இருந்தார். அண்ணன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், கொல்லைப் பக்கம் போனது உட்பட.

மாதன் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இருவது வருசமா இதே பாடுதான் தம்பி. அதனாலதான் கீழ எந்தக் கல்யாணத்துக்கும் எறங்கறதில்ல. திமிரு புடிச்சவன்னு பேரு. அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லியிருந்தா மோருஞ்சோறும் போட்டிருப்பேனே."

"இப்ப சொல்லிட்டேனுங்களே."

"பையனுக்குப் போன வாரம் வேற எடத்துல பாக்கு மாத்தி நிச்சயம் பண்ணியாச்சு தம்பி."

உள்ளேயிருந்து மோர் கொண்டுவரச் சொன்னார். அண்ணன் வாங்கிக் குடித்தார்.

இறங்கும்போது அவர் எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை. நேரே சங்கராபுரம் போனோம். தங்கையையும் மகளையும் உட்காரவைத்து, மாதனிடம் சொன்னதையே திருப்பிச் சொன்னார். சாலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுபலட்சுமி, "பிரவீன் அண்ணனுக்கு இது அன்னிக்கே தெரியுமா மாமா?" என்று கேட்டாள்.

அண்ணன் தலையாட்டினார்.

அவள் என்னைப் பார்த்தாள். அன்று இலையைப் பார்த்த மாதிரி, நான் தரையைப் பார்த்தேன்.