தலைவருக்குச் சிங்களத்தில் சொன்ன பதில்

பசறையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் கிளார்க். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள் என்பதை மறைத்து, பதுளை டவுன் என்றே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், யாராவது ஒருவருடைய பிறப்புச் சான்றிதழ் வேலையாக அடிக்கடி அங்கே வருவார். என்னைக் குழந்தையிலிருந்து தெரிந்தவர். முதல் நாள், "நல்லா இருக்கியா புள்ள?" என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல, "என்ன வேண்டும்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தட்டுத்தடுமாறிச் சிங்களத்திலேயே விஷயத்தைச் சொன்னார். கடைசிவரை என்னிடம் அப்படித்தான் பேசினார்.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். மரண வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபீசுக்குப் போயிட்டு வந்தா உன் பேச்சுதாம்மா. நம்ம புள்ள ஒக்கார வச்சு, தமிழ்லயே அன்பா பேசுச்சுன்னு லயம் பூரா சொல்லுவாரு."

அதனால்தான் இரங்கல் உரைக்கு என்னையே அழைத்தார்கள். பெட்டியருகே நின்று நல்ல தமிழில் பேசினேன். எல்லோருக்கும் கேட்டது, அவரைத் தவிர.