பஞ்சுக் கொட்டகையில் ஒரு பிராசஸர்

தேனியிலிருந்து போடிக்குப் போகும் பேருந்தில் என் அண்ணன் ஓர் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பெற்ற மகளைக்கூட அவர் அத்தனை பதமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. பெட்டிக்குள் செங்கல் பருமனில் ஓர் அலுமினியத் தகட்டுக் கட்டியும் இரண்டு மின்விசிறிகளும் இருந்தன. கணினியின் பிராசஸர் கக்குகிற சூட்டை இழுத்து வெளியே தள்ளும் கூலர் அது. பக்கத்து இருக்கைக்காரர் என்னவென்று கேட்டார். "ரேடியேட்டர்ணே" என்றார் அண்ணன். "வண்டிக்கா?" "இல்லண்ணே, மூளைக்கு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த அண்ணன் போய் நான்கு வருடம் ஆகிறது. நாற்பத்து மூன்று வயதில், நுரையீரல் கெட்டுப் போனார். ஒரு பெட்டியின் சூட்டை டிகிரி டிகிரியாகப் பார்த்த நாங்கள் அவர் மூச்சைப் பார்க்காமல் விட்ட கதைதான் இது. எழுதுவதால் எனக்கு ஆறுதல் கிடைக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம், கிடைக்காது.

எங்களுக்கு இலவம்பஞ்சுத் தொழில். மலையடிவாரத் தோப்புகளிலிருந்து காய் வரும். அதை உடைத்து, விதையைப் பிரித்து, பஞ்சை மெத்தையிலும் தலையணையிலும் அடைத்து விற்போம். வீட்டின் பின்பக்கம்தான் கொட்டகை. இந்த வேலையைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே மின்விசிறி போட முடியாது. போட்டால் பஞ்சு பறந்துவிடும். எங்கள் பக்கத்துக் காற்றுக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுத்தான் வேலை செய்வார்கள். மேலே தகரம், வெளியே சித்திரை வெயில், உள்ளே மூக்குக்கு நேராக மிதந்துகொண்டிருக்கும் தூசி. அப்பா திடீரென்று இறந்துவிட, பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணன் அந்தக் கொட்டகைக்குள் போனார். நான் அவருக்கு ஒன்பது வயது இளையவள். என் படிப்பு மட்டும் நிற்கவில்லை.

படித்து முடித்தபின், இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோல் காட்டும் முப்பரிமாணப் படங்களை வீட்டிலிருந்தே செய்து தேனியில் ஒரு பொறியாளருக்குக் கொடுத்துவந்தேன். என் பழைய கணினியில் ஒரு படம் முழுதாக உருவாகி வர ஒரு பகல் ஆகும். பாதியில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், தலையெல்லாம் பஞ்சாக வந்து நின்ற அண்ணன், "அழுகாத பாப்பா, இதுக்கு ஒரு வழி பண்ணுவோம்" என்றார். அதோடு ஒரு மாதத்துக்கு வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

இரண்டு பிராசஸர்கள் எங்கள் தேர்வில் இருந்தன. ஒன்று விலை கூடியது, சூடு குறைவு, ஆனால் வேகத்தை அதற்குமேல் ஏற்ற முடியாதபடி பூட்டி அனுப்பியிருப்பார்கள். இன்னொன்றின் விலை குறைவு. பூட்டு கிடையாது. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் நாமே கூட்டிக்கொள்ளலாம். ஓவர்கிளாக்கிங் என்பார்கள். ஆனால் ஏற்ற ஏற்ற அது அடுப்பாகிவிடும். அண்ணன் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்தார். "அவன் இருபது டிகிரி ரூம்ல வச்சு ஓட்டிட்டு அறுபதுங்கிறான். நம்ம வீடு சும்மாவே முப்பத்தெட்டு. அப்ப நமக்கு எழுபத்தெட்டுன்னு வச்சுக்க" என்று தலையணை உறைத்துணியில் சாக்கட்டியால் எழுதிக் காட்டுவார். அவர் போட்ட கணக்கில் பிழையே இல்லை.

நான் விலை கூடியதே இருக்கட்டும் என்றேன். அண்ணன் மனைவி, என் மதினிக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அவரும் என் பக்கம். "இருக்கிற வெக்கை பத்தலையாக்கும்? சூடு இல்லாததா வாங்குங்க" என்றார். அண்ணன் கேட்டால்தானே! "சும்மா வாங்கி மாட்டுறதுக்கு நான் எதுக்கு? மலிவானத வாங்கி, மிச்சத்துல பெரிய கூலரா போட்டு, ஏத்திக் காட்டுறேன் பாரு" என்று நின்றார். கொட்டகையில் பார்க்கிற ஒரே வேலையை நாள் முழுக்கப் பார்த்த மனிதருக்குத் தன் கையால் ஒன்றை மிஞ்சிக் காட்ட வேண்டியிருந்தது. எனக்கு அது அப்போதே புரிந்தது, விட்டுக்கொடுத்தேன். விலையைப் பார்த்தோம், வேகத்தைப் பார்த்தோம், சூட்டைப் பார்த்தோம். தூசியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பஞ்சுக்காரர் வீட்டில்!

மாட்டிய அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார். நான் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "எம்புட்டு?" "எழுபத்தொண்ணு." "சரி, இன்னும் ஒரு படி ஏத்து." இப்படியே ஏற்றி, காலையில் கொடுத்த படம் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் தயாராகிவிட்டது. மதினி கேசரி கிண்டினார். ஒன்பதாம் நாள் கணினி தானாக அணைந்தது. திறந்து பார்த்தால், கூலரின் தகடுகளுக்கு நடுவே பஞ்சு அப்பி அப்பி, கம்பளி மாதிரி படிந்திருந்தது. விசிறி பெரியது, அதனால் வீட்டில் மிதந்த தூசியையெல்லாம் அதுதான் அதிகம் இழுத்திருக்கிறது. "ஆத்தாடி, இதுக்கும் மெத்தை தச்சுப்புட்டமே!" என்று அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மதினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் தகட்டிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அண்ணன் என் பழைய துப்பட்டா ஒன்றைக் கிழித்து, பெட்டியின் முகப்பில் இழுத்து ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் துணியை அவிழ்த்து உதறி, பெயின்ட் பிரஷ்ஷால் தகடுகளைச் சுத்தம் செய்வார். அன்றைய சூட்டை நாட்காட்டியில் பென்சிலால் குறித்துவைப்பார். பெட்டிக்கு முகத்தில் துணி கட்டியவர் தன் முகத்தில் கட்டிக்கொள்ளவில்லை. மதினி துண்டை எடுத்து மூக்கை மூடிக் கட்டிவிடுவார். கொட்டகைக்குள் போன சற்று நேரத்தில் அண்ணன், "மூச்சு முட்டுது புள்ள" என்று அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார். நாங்கள் வற்புறுத்தவில்லை. எங்கள் தொழிலில் அந்த இருமலுக்குப் பஞ்சு இருமல் என்று ஒரு பெயர் உண்டு. காய் வரத்து நின்றால் இருமலும் நின்றுவிடும் என்பார்கள். அப்பாவுக்கும் இருந்தது. ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அதைக் கண்டு பயம் போய்விடுகிறது.

கடைசி இரண்டு வருடங்களில் அண்ணன் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் வரும்போதெல்லாம் என் மேஜையருகே நிற்பார். மேஜை விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, "எம்புட்டு இருக்கு?" என்பார். நான் சொல்வேன். "ம்" என்று அப்படியே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மனிதருக்கு இந்தப் பெட்டியின்மேல் இருக்கிற பித்து தீராது என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். அவர் மூச்சு வாங்க நின்றிருக்கிறார். இருபதடி நடந்துவந்த களைப்புக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கிறது. அது எனக்குத் தெரிந்தது, தேனி மருத்துவமனையில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எத்தனை வருசமா இந்தத் தூசியில இருக்காரு?" என்று கேட்டபோதுதான்.

அண்ணன் விரலில் மாட்டிய கிளிப் காட்டிய ஆக்சிஜன் அளவு, கட்டிலுக்குப் பின்னால் இருந்த திரையில் தெரிந்தது. அவரால் பார்க்க முடியாது, நான் பார்க்கலாம். "எம்புட்டு பாப்பா?" என்றார். எழுபத்தாறு இருந்தது. "தொண்ணூறுண்ணே" என்றேன். எண்ணில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அது. கொஞ்ச நேரம் மேலே ஓடிய ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பெட்டிய இங்கன கொண்டாந்து வச்சா இன்னும் ரெண்டு படி ஏத்தலாம்" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பதினோராம் நாள் போய்விட்டார். நான் சொன்னதை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் இப்போது தேனியில் குடியிருக்கிறேன். போன மாதம் அண்ணன் மகள் கல்லூரிக்குக் கணினி வேண்டுமென்று கூப்பிட்டாள். போடிக்குப் போய் அவளோடு உட்கார்ந்து இரண்டு மூன்று பிராசஸர்களைப் பார்த்தோம். எல்லாவற்றிலும் சூடு குறைந்ததைக் காட்டி, வேகம் போதும், இதை வாங்கு என்றேன். "அப்பாவா இருந்தா மத்ததத்தான் வாங்கியிருப்பாக" என்று அவள் சொன்னாள். அந்த நேரம் பின்பக்கம் யாரோ இருமினார்கள். வறண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வருகிற இருமல். உள்ளிருந்தது மதினி. அண்ணனுக்குப் பிறகு கொட்டகையை அவர்தான் பார்க்கிறார்.

எழுந்து ஓடினேன். "மதினி, எத்தனை நாளா இருக்கு இது? கிளம்புங்க, ஒரு எக்ஸ்ரே எடுத்துருவோம்" என்றேன். மதினி கையிலிருந்த பஞ்சைக் கீழே வைக்கவில்லை.

"அவுக இருமுறப்ப நீ காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தியே. இப்பத்தான் காது கேக்குதாக்கும்?"

உண்மைதான். இத்தனை பக்கமும் நான் சொல்லாமல் வந்தது அதைத்தான். கொட்டகை இரைச்சல் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று ஹெட்போன் வாங்கியிருந்தேன். இரைச்சல் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். எரிச்சலாக இருந்தது அவர் இருமல்தான். அது மதினிக்குத் தெரிந்திருக்கிறது, இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

நான் திரும்பிப் போகவில்லை. கொட்டகை வாசலிலேயே தரையில் உட்கார்ந்தேன். உள்ளே இருமல் ஓய்வதும் எழும்புவதுமாக இருந்தது. வெகுநேரம் கழித்து மதினி வெளியே வந்து, குழாயில் முகம் கழுவி, சேலையில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டார். என்னைப் பார்க்காமலே, "நாளைக்கு லோடு வருது, போறதுன்னா இன்னைக்கே போகணும்" என்றார்.

மூன்று மணிப் பேருந்தில் ஏறினோம். மதினி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். தேனி வரும் வழியெல்லாம் அவர் இருமிக்கொண்டு வந்தார். ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டே வந்தேன்.