கால் முன்னே, தலை பின்னே: ஒரு கூறைப்புடவையோடு பதுளையிலிருந்து பத்தரை மைல்

சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குப் பதுளைக் கடைவீதியில் என் துணிக்கடை வாசலிலிருந்து புறப்பட்டேன். பசறை ரோட்டில் ஒன்பதாவது மைல் கட்டை வரை போய், அங்கே வலது கைப்பக்கம் பிரிந்து நமுனுகுல மலையடிவாரத்துக்கு ஏறும் தோட்டப்பாதையில் இன்னும் ஒன்றரை மைல் போகவேண்டும். இருபது வருஷமாகத் தலையில் துணி மூட்டையோடு நான் நடந்து தேய்த்த வழிதான். போன ஐப்பசி மழையில் அந்தப் பாதையிலேயே வழுக்கி விழுந்தேன். இடுப்பு கூடியது, ஆனால் பழைய இடுப்பாகக் கூடவில்லை. தலையில் பாரம் ஏற்றினால் முதுகு கத்துகிறது. மாட்டுவண்டியில் குலுங்கினால் உயிர் போகிறது. எல்லாரும் ஏறுகிற சைக்கிளின் ஆசனத்தில் ஐந்து நிமிஷம் உட்கார முடியவில்லை.

அப்படியிருக்க எப்படிப் போனேன் என்றால், படுத்துக்கொண்டு போனேன்.

சிரிக்கவேண்டாம். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது பதினோரு ரூபாய்க்கு ஒரு வண்டி எடுத்தேன். வேறு யாரும் கேட்கவில்லை. சக்கரம் இரண்டுதான். ஆனால் நடுவில் சாய்மான நாற்காலி மாதிரி ஓர் ஆசனம். முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கவேண்டும். மிதிகட்டை முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கிறது. கைப்பிடி இடுப்புக்கு இரண்டு பக்கமும். ஏறி உட்கார்ந்தால் இடுப்பு தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மாதிரி பேசாமல் கிடக்கிறது. ஒரு மாதம் ஊருக்கு வெளியே ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் பழகினேன். விழுந்தது எத்தனை தரம் என்று கேட்காதீர்கள். காலைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்த அன்றைக்கு வண்டி நேராக ஓடியது.

ஆனால் ஆள் இல்லாத இடத்தில் ஓட்டுவது வேறு, கடைவீதியில் ஓட்டுவது வேறு. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஊர் நடுவே எடுத்தேன். நாவிதர் சவரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கத்தியோடு வெளியே வந்தார்.

"மொதலாளி, கட்டிலோட எங்க பொறப்பட்டீங்க?"

"கல்யாண வீட்டுக்கப்பா."

"தூக்கறதுக்கு நாலு பேர் இல்லாம நீங்களே போறீங்களே, அதான் சங்கடமா இருக்கு!"

வீதியே சிரித்தது. எனக்குக் காது சூடேறிவிட்டது. வாசலில் நின்ற என் சம்சாரம் மீனாட்சி மட்டும் சிரிக்காமல், "எறங்கி நடந்துராதீங்க. இன்னைக்கு எறங்கிட்டா நாளைக்கு ஏற மாட்டீங்க" என்றாள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மிதித்தேன். மனிதர் வாயிலிருந்து விழுகிற பேச்சைச் சேர்ப்பது எனக்குப் பழக்கம். துணியை விற்றுவிட்டு வருவேன், பேச்சைக் கொண்டுவருவேன். அன்றைக்குப் பாலம் தாண்டுமுன் வண்டிக்கு ஆறு பெயர் சேர்ந்துவிட்டது: கட்டில், பாடை, நண்டு, துரையின் தூளி, ஓடுகிற நாற்காலி, இன்னொன்று எழுதத் தகாதது.

என் தலைக்குப் பின்னால், ஆசனத்தின் முதுகில், மஞ்சள் துணியில் சுற்றி ஒரு பொட்டணம் கட்டியிருந்தேன். அதில் கூறைநாட்டுப் புடவை ஒன்று. சிவப்பும் மஞ்சளும் கட்டம் போட்டது, கப்பலில் வந்தது. கேட்டிருந்தவள் மூக்காயி. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், புருஷன் இல்லாதவள். மறுநாள் காலை அவள் மகனுக்குக் கல்யாணம். மருமகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிற கூறை அது. நான் விழுந்ததிலிருந்து அந்தத் தோட்டத்துக்குத் துணி கொண்டுபோக ஆள் இல்லை. இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் மூக்காயிக்கும் கல்யாணம், எனக்கும் பழைய சுற்று திரும்பக் கிடைக்கும்.

ஒரு மணி சுமாருக்கு, நாலாவது மைல் தாண்டி ஏற்றம் வந்தது. நான் மிதிக்க மிதிக்க முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்த்தது. கைப்பிடி இந்தப் பக்கம் சொன்னால் சக்கரம் அந்தப் பக்கம் போனது. அப்படியே ஓரத்து வாய்க்காலில் சாய்ந்தேன். கையைப் பின்னால் விட்டுப் பொட்டணத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டதால் அதில் ஒரு பொட்டுச் சேறு படவில்லை. சேறெல்லாம் எனக்கு.

ஐந்தாவது மைலில் தேத்தண்ணிக் கடை ஒன்று இருக்கிறது. வெறுந்தேத்தண்ணி இரண்டு சதம், கருப்பட்டித் துண்டோடு மூன்று சதம். ரயில் இன்னும் பதுளைக்கு வந்து சேராததால் தேயிலைப் பெட்டியெல்லாம் மாட்டுவண்டியில்தான் போகிறது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டு ஆறுகிற இடம் இது. பண்டா என்கிற சிங்கள வண்டிக்காரர் என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்டார். சைக்கிள் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. முன்சக்கரம் எழும்பி வாய்க்காலில் விழுந்த கதையைச் சொன்னதும் முகம் மாறியது. வண்டிக்காரருக்குப் பாரம் என்று சொன்னால் போதும்.

"மொதலாளி, ஏத்தத்துல பாரம் பின்னால இருந்தா மாடு தொங்கும் தானே? நாங்க பொட்டிய முன்னால தள்ளுறது. ஒங்களுக்கு மாடு இல்ல. அந்தச் சக்கரந்தான் மாடு. அதுக்கு மேல பாரத்தப் போடுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. பொட்டணத்தை அவரே அவிழ்த்து, முன்னால் மிதிகட்டைக்கு மேலே விளக்கு மாட்டுகிற கொம்பில் வைத்துக் கட்டினார். ஒரு புடவையில் என்ன பாரம் என்று கேட்பீர்கள். கூடவே மீனாட்சி கொடுத்த வெல்லம் மூன்று றாத்தல், மஞ்சள், தேங்காய் இரண்டு. கட்டிவிட்டுத் தட்டிப் பார்த்து, "இப்ப போங்க" என்றார்.

போனேன் பாருங்கள்! சக்கரம் தரையைக் கவ்விக்கொண்டது. ஏற்றத்தில் மெல்ல, சமத்தில் வேகமாக, இறக்கத்தில் காற்றாக. இடது பக்கம் பள்ளத்தாக்கு, வலது பக்கம் மலை, நேரே வானம். நடந்துபோகிறவன் மூட்டைக்குக் கீழே தன் காலைத்தான் பார்ப்பான். இருபது வருஷத்தில் நமுனுகுலவின் உச்சியை நான் நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். பாதி உச்சி மேகத்துக்குள் இருந்தது. தேயிலைச் சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ கூவினார்கள். நானும் கூவினேன். வெட்கம் எந்த மைலில் விழுந்தது என்று தெரியவில்லை.

மூன்றரை மணிக்குத் தோட்டப்பாதையில் சின்னதுரை குதிரையில் எதிர்ப்பட்டார். துரை வந்தால் குடை பிடித்தவன் குடையை மடக்கவேண்டும், வண்டியில் வந்தவன் இறங்கவேண்டும், அதுதான் தோட்டத்து வழக்கம். என் உடம்பு தானாகவே இறங்கி ஓரத்தில் நின்றது. துரை வண்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நான் மறுபடி ஏறிப் படுத்தேன்.

அதற்குப் பிறகு தொழிலாளர் குடியிருக்கிற லயம் வரைக்கும் ஒரே இறக்கம். நாலு மணி. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் காலிக் கூடையோடு திரும்புகிற நேரம். மணியை அடித்துக்கொண்டு கால் இரண்டையும் நீட்டியபடி அவர்கள் நடுவே போய் இறங்கினேன். முதலில் பார்த்தவள் செல்லம்மா. மூக்காயியின் பக்கத்து வீட்டுக்காரி, வாய் பெரிது.

"யாத்தே! பாடை தானா வருதுடி!"

"பாடையில்லடி, நம்ம பொடவக்கார மொதலாளி! உசுரு இருக்கு, மீச ஆடுது பாரு!" என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு அந்தச் சரிவெல்லாம் உருண்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் நின்றது மூக்காயி ஒருத்திதான். அவள் கண் என் மேல் இல்லை. என் காலுக்கு நடுவே இருந்த மஞ்சள் துணியின் மேல் இருந்தது.

"மொதலாளி, அந்தப் பொட்டணத்துல என்னா?"

"ஒன் மருமவளுக்குக் கூறை, தாயி."

"கூறையவா ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சி மிதிச்சிக்கிட்டு வந்தீங்க?"

சிரிப்பு அணைந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூறையை மஞ்சள் தடவித் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டவேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். தரையில் வைத்த கூறையை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் செருப்புக் காலுக்கு நடுவே ஐந்தரை மைல் கொண்டுவந்திருக்கிறேன், வண்டி நன்றாக ஓடுகிறது என்கிற சந்தோஷத்தில்!

ஏற்றம் என்றேன். பாரம் என்றேன். பண்டா என்றேன். "காலு படல தாயி, மேலதான் இருந்திச்சு" என்றேன். செல்லம்மா விடவில்லை.

"மேல இருந்து பாத்தோம் மொதலாளி. சின்னதொரைக்கு எறங்கி நின்னீங்கல்ல? எங்க கூறைக்கு எறங்க முடியலியா?"

என் இடுப்பில் விழுந்த அடியெல்லாம் ஒன்றுமில்லை.

மூக்காயி கூடையை இறக்கிவைத்துவிட்டு லயத்து வாசலில் உட்கார்ந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. மெல்லத்தான் சொன்னாள். "நான் எரவல் சேலையில கழுத்த நீட்டுனவ மொதலாளி. தாலி ஏறுன மறுநாளே சேலைய அவுத்துக் குடுத்துட்டேன். எவ்வீட்டுக்கு வர்றவளுக்கு அப்பிடி வேணாம்னுதான் கேட்டேன். இத எப்பிடி அவ கையில குடுக்கட்டும்?"

கடையில் வேறு கூறை கிடையாது. இருந்தாலும் பத்தரை மைல் போய்த் திரும்ப முடியாது, விடிந்தால் முகூர்த்தம். சாக்குச் சொல்வதை நிறுத்தினேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பொட்டணத்தை அவிழ்த்து, விழுந்த நாளிலிருந்து எதையும் ஏற்றாத தலையில் ஏற்றிக்கொண்டேன்.

"எங்க கொண்டுபோகணும், சொல்லு தாயி."

அவள் அண்ணாந்து பார்த்தாள். "இடுப்பு?"

"அது கெடக்கு."

அவள் எழுந்து கொசுவத்தைச் சரிசெய்தாள். "ஆத்தா கோயிலுக்கு நடங்க."

மாரியம்மன் கோயில் லயத்துக்கு மேலே, கல் வெட்டிய நாற்பது படி ஏறவேண்டும். பத்துப் படிக்கு ஒருமுறை நின்றேன். யாரும் கேலி செய்யவில்லை, செல்லம்மாகூட. இருபத்தைந்தாம் படியில் ஓரத்துக் கல்லைப் பிடித்தபோது பொட்டணம் திடீரென்று லேசாயிற்று. பின்னால் வந்த மூக்காயி அதன் அடியில் ஒரு கையைக் கொடுத்திருந்தாள். மிச்சப் படியை இரண்டு பேருமாக ஏறினோம்.

பூசாரியும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்தான். கைக்கத்தியை வைத்துவிட்டுக் குளித்து வந்தார். புடவையை அம்மன் காலடியில் வைத்தார். மஞ்சள் நீர் தெளித்துக் கற்பூரம் காட்டி எடுத்து மூக்காயி கையில் கொடுத்தார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்க கால் பட்டது போச்சு மொதலாளி. இப்ப ஆத்தா கால் பட்டது இருக்கு. நாளைக்குக் கட்டலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மருமகள் அந்தக் கூறையில்தான் உட்கார்ந்தாள். தாலி ஏறும்போது மூக்காயி பெண்ணைப் பார்க்கவில்லை. புடவையின் முந்தியைப் பிடித்து நீவிவிட்டுக்கொண்டே நின்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியைச் சுற்றிக் கூட்டம். யாரோ அதற்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். கோயிலுக்கு முதுகு காட்டித் திருப்பியும் நிறுத்தியிருந்தார்கள், கால் நீட்டுகிற பக்கம் ஆத்தாவைப் பார்க்கக்கூடாதாம். செல்லம்மா துணிந்து ஏறிச் சாய்ந்தாள்.

"அடியே, இதுல ஒக்காந்துக்கிட்டே கொழுந்து பறிக்கலாம்டி. கூடைய வயித்து மேல வச்சிக்கலாம்!"

"கங்காணி வந்தா?"

"தூங்குறேன்னு சொல்லுவேன்!"

மூன்றரை முழம் ரவிக்கைத்துணிக்கும் இரண்டு கம்பளிக்கும் அங்கேயே சொல்லி அனுப்பினார்கள். அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். "வாங்க, ஆனா பொட்டணம் எங்க இருக்கும்?" என்றாள் மூக்காயி. பதிலுக்குக் காத்திராமல் பலகார மூட்டையை என் தலைக்குப் பின்னால் அவளே இறுக்கிக் கட்டினாள். "முன்னால தூக்குனா தூக்கட்டும். விழுந்தா நீங்க விழுங்க. பலகாரம் விழக்கூடாது."

இரண்டு மணிக்குப் புறப்பட்டேன். ஐந்தாவது மைலில் பண்டா மூட்டையைப் பின்னால் பார்த்ததும் ஓடிவந்து அவிழ்க்கப்போனார். நடந்ததைச் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டு, "நாங்களும் அப்படித்தான் தானே, காலைக் காட்டுறது இல்ல! எனக்கும் தோணல்லியே" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மறந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி குடித்தோம். வழியில் வந்த ஏற்றத்தையெல்லாம் இறங்கித் தள்ளினேன். நேரம் ஆனது, ஆகட்டும்.

அந்த வழியில்தான் ஒன்று பழகிக்கொண்டேன். எதிரே ஆள் வரும்போது மிதிகட்டையிலிருந்து காலை எடுத்து மடக்கிக் கீழே தொங்கவிட்டுவிடுகிறேன். விறகுக்காரியோ, கூடைக்காரியோ, ஊர்த் தலைமைக்கார ஆரச்சி மாத்தயாவோ, யாரானாலும் சரி. உள்ளங்கால் அவர்களைப் பார்ப்பதில்லை. வண்டி கொஞ்சதூரம் சும்மா உருளும். அவர்கள் தாண்டியதும் மறுபடி மிதிப்பேன். துரைக்குத் தானாகவே இறங்கத் தெரிந்த உடம்புக்கு இது பழக ஆறு மைல் பிடித்தது.

கீழே படுத்துப் போகிறவனிடம் எல்லாரும் குனிந்து பேசுகிறார்கள் என்பதையும் அந்த ஆறு மைலில்தான் கவனித்தேன். தலையில் மூட்டையோடு நடந்த காலத்தில் விலை மட்டும் கேட்டவர்கள், இப்போது இடுப்பை விசாரிக்கிறார்கள்.

பதுளைக் கடைவீதியில் நுழையும்போது மணி ஆறு ஆகவில்லை. நாவிதர் கடையை மூடிவிட்டு எதிரே வந்தார். காலை மடக்கினேன். அவர் நின்று, வண்டி தன்னைத் தாண்டி உருளுகிற வரைக்கும் பார்த்தார்.

"மொதலாளி, கால மடக்கிக்கிட்டா வண்டி எப்பிடி ஓடும்?"

"ஓடாதப்பா" என்றேன். "ஆனா நீ தாண்டிப் போற வரைக்கும் நிக்காது."